சூடம் ஏற்றாத காலைகள்

சமயநல்லூர்,
வியாழக்கிழமை.

தம்பி,

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. உன் கையெழுத்து சாய்ந்து ஓடுகிற வேகத்தைப் பார்த்தாலே மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்று தெரிகிறது. கோயம்புத்தூரில் பட்டறை வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் உனக்கு முதலாளிக் கவலை வந்துவிட்டது. ரங்கசாமி என்று ஒருவர் உன்னிடம் லேத்தில் வேலை பார்க்கிறார், இரும்பை அவர் மாதிரி கடைய அந்தத் தெருவிலேயே ஆள் இல்லை, ஆனால் குடிக்கிறார், திங்கட்கிழமைகளில் வருவதில்லை, போன வாரம் அவர் கை நடுங்கியதில் பக்கத்தில் நின்றவரின் விரல் போயிருக்க வேண்டியது என்று எழுதியிருக்கிறாய். அவரை நிறுத்திவிடுவதா, அல்லது நான் சோலையைக் கருப்பசாமி கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கியது மாதிரி நீயும் அவரை ஒரு கோயிலில் கொண்டுபோய் நிறுத்துவதா என்று கேட்டிருக்கிறாய். வெள்ளிக்கிழமை நல்ல நாளா என்று வேறு ஒரு கேள்வி. உன் கடிதத்தை இரண்டு நாளாக வெற்றிலைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது. அதனால்தான் இன்று களத்து வேலையைப் பாண்டியம்மாளிடம் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

சோலை கதை உனக்குப் பாதிதான் தெரியும். அப்போது நீ ஹாஸ்டலில் இருந்தாய். ஊரில் சொல்கிற கதைதான் உன் காதுக்கு வந்திருக்கும். மில்லுக்காரம்மா நம்ம பாய்லர்காரர் சோலையைக் கருப்பன் முன்னால் நிறுத்தி ஒரு வார்த்தை வாங்கினார், அன்றோடு அவர் குடியை விட்டார் என்பது அந்தக் கதை. கேட்க நன்றாக இருப்பதால் நானும் மறுத்துப் பேசவில்லை. கல்யாண வீடுகளில் நாலு பேர் என்னிடம் வந்து, எங்கள் வீட்டு ஆளையும் கூட்டிப் போங்கக்கா என்று கேட்டபோதுகூட வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. இப்போது நீ அதே கதையை நம்பி ஒரு மனிதனைக் கூட்டிப்போகக் கிளம்பியிருக்கிறாய். இனியும் பேசாமல் இருந்தால் தப்பு.

என் புத்தி உனக்குத் தெரியும். எதையும் தோண்டிக் கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. உன் அப்பா இருந்தவரை நம் அரிசி மில்லில் எனக்கு வேலை, களத்தில் நெல் புரட்டுகிற பெண்களுக்கு மோர் கொடுத்தனுப்புவதோடு சரி. அவர் போன பிறகு நான் போய் உட்கார்ந்தபோது, எஞ்சின் டிரைவர் முத்துவை ஒரு மாதம் கேள்வி கேட்டே அழவைத்தேன். இது எதற்கு, இந்த முள் ஏன் இங்கே நிற்கிறது, உமியை ஏன் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறீர்கள், நெல் ஊறியது போதும் என்று வாசனையில் எப்படித் தெரிகிறது. சோலை மட்டும் கோபப்படாமல் பதில் சொல்வான். உன் அப்பா காலத்திலிருந்து பாய்லர் அவன் கையில். ஊறிய நெல்லுக்கு எம்புட்டு நேரம் ஆவி விட வேண்டும் என்பதைக் குழாய்ச் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவான். இம்புட்டுக் கேள்வி கேட்ட நான் ஒன்றை மட்டும் அவனிடம் கேட்கவே இல்லை. நீ ஏனப்பா குடிக்கிறாய், குடிக்காத அன்று உனக்கு என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. அதற்குப் பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். திமிர் பிடித்துக் குடிக்கிறான் என்பதுதான் நான் வைத்திருந்த பதில்.

அரசாங்கம் சாராயக் கடைகளைத் திறந்த பிறகு மெயின் ரோட்டிலேயே ஒரு கடை வந்துவிட்டது. அதற்கு முன்னாலும் குடித்தான், ஆனால் தேடிப்போய்க் குடிக்க வேண்டியிருந்தது. பிறகு வேலைக்கு வருகிற வழியிலேயே கிடைத்தது. ஒரு நாள் காலை பாய்லரில் தண்ணீர் காட்டுகிற கண்ணாடிக் குழாய் காலியாகக் கிடக்க, சோலை பக்கத்தில் உட்கார்ந்து உமியைத் தள்ளிக்கொண்டே இருந்தான். முத்து தற்செயலாகப் பார்த்து ஓடிப்போய் நெருப்பை இழுத்துப் போட்டான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பாய்லர் வெடித்து, களத்தில் நின்ற எட்டுப் பெண்களும் இன்று இல்லை. அதில் சோலையின் மனைவி பாண்டியம்மாளும் ஒருத்தி. எனக்கு அன்று வந்த ஆத்திரத்தில் அவனை அடித்திருப்பேன். அடிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே சோழவந்தானுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவனுடைய குலசாமி கோயிலுக்கு இழுத்துப் போனேன். கருப்பன் வாக்குத் தப்பினவனை விடமாட்டார் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் பயம். எனக்குத் தேவைப்பட்டதும் அந்தப் பயம்தான்.

பூசாரி வழக்கமாக ஒரு மண்டலத்துக்குத்தான் கயிறு கட்டுவாராம். நாற்பத்தெட்டு நாள் கழித்து ஆள் திரும்ப வந்து நின்றால் இன்னொரு மண்டலம். நான்தான் அது போதாது, ஆயுசுக்கும் வேண்டும் என்றேன். அதுவும் போதாமல், உன் பிள்ளை மேல் சத்தியம் செய் என்றேன். செல்விக்கு அப்போது எட்டு வயது. சோலை என்னைப் பார்த்தான், கருப்பன் கையில் இருந்த அரிவாளைப் பார்த்தான். "அக்கா, புள்ள வேணாமே. என் மேலயே செய்றேனே" என்றான். "உன் மேல உனக்கு ஏதுப்பா அக்கறை, அதான் புள்ளையக் கேக்குறேன்" என்று நான் சொன்னேன். பெரிய புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டதாக நினைப்பு. பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோலை சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவனுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அவன் அதைத் தின்னவில்லை.

ஒன்றரை மாதம் குடிக்கவில்லை, உண்மைதான். ஊர்க் கதை அந்த ஒன்றரை மாதத்தில் பிறந்ததுதான். ஆனால் ஆள் பேச்சை நிறுத்திவிட்டான். நடுங்கினான், வியர்த்தான், ஒரு நாள் களத்திலேயே வலிப்பு மாதிரி வெட்டு வந்து விழுந்தான். பட்டினி கிடந்திருப்பான் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு அவன் மச்சான் ஊரில் ஒரு கிடாவெட்டுக்குப் போனவன் அங்கே குடித்துவிட்டான். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாமல் மறைத்துக்கொண்டு நாலு நாள் வேலைக்கு வந்தான். ஐந்தாம் நாள் செல்விக்கு அம்மை போட்டது. அன்று மதியத்திலிருந்து சோலையைக் காணோம்.

இரண்டு நாள் பார்த்துவிட்டு நான் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வேப்பிலை கட்டியிருந்ததால் உள்ளே போகக் கூடாது, தெருவிலேயே நின்றேன். பாண்டியம்மா நிலைக்கு உள்பக்கம் நின்றபடி, கிடாவெட்டில் அவன் குடித்ததைச் சொன்னாள். அவள் குரல் உயர்த்தி அதுவரை நான் கேட்டதில்லை, அன்றும் அவள் உயர்த்தவில்லை. "எம் புள்ளைய எதுக்குக்கா நடுவுல கொண்டுபோய் வச்சீக? குடிக்கிறது அவுக, வேல குடுக்கிறது நீங்க, கேக்கிறது சாமி. இதுல அவளுக்கு என்ன சோலி? அவளுக்காகப் பெத்தவ நான் இருக்கேன்ல, என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா?" கேட்கவில்லை, தம்பி. மில்லில் இருக்கிற உமி, முள் எல்லாவற்றையும் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டவள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே செல்வி தண்ணி கேட்டு முனகுகிற சத்தம் வந்தது. அந்தத் தெருவில் நின்றபோது எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அதைச் செய்தது கருப்பனும் இல்லை, அம்மனும் இல்லை, நான்தான் என்று தோன்றியது.

சோலை எங்கே போயிருப்பான் என்று பாண்டியம்மாளே சொன்னாள். சோழவந்தான் பஸ்ஸைப் பிடித்து இறங்கி, வெற்றிலைக் கொடிக்கால்கள் வழியே வெயிலில் நடந்து போனேன். கோயில் வாசலுக்கு வெளியே, புளியமர வேரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று பூசாரி சொன்னார்.

"வாப்பா, உள்ள போவோம்" என்றேன்.

"நான் வரலக்கா. அவரு மொகத்துல எப்படி முழிப்பேன்."

"பெறகு எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்க?"

"புள்ளையத் தூக்கணும்னா இந்த வாசல் வழியாத்தானே அவரு கெளம்பணும். வெளிய வாரப்ப மொதல்ல நான் இருக்கட்டும்னு உக்காந்திருக்கேன். எடுத்தா என்னைய எடுத்துக்கட்டும்."

திமிர் பிடித்தவன் என்று நான் முடிவு கட்டியிருந்த ஆள் சொன்ன பேச்சு இது. அவன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பூசாரி எங்கள் பக்கம் வந்து, "தாயி, அன்னைக்குப் புள்ளையக் கேட்டது சாமி இல்ல, நீங்க. வாங்குன கைதான் விடணும்" என்றார். அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. உள்ளே கூட்டிப்போய் என் உள்ளங்கைக்குக் கீழே சோலையின் கையை வைக்கச் சொன்னார். என் கையில் தண்ணீர் ஊற்றினார். அது வழிந்து அவன் கையில் விழுந்தது. நான் கேட்டு வாங்கியதை நானே விட்டேன், பிள்ளை மேல் பாரமில்லை, இவன் மேலும் பாரமில்லை என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். இருந்தால் என் மேல் இருக்கட்டும் என்று நானாக ஒன்று சேர்த்துக்கொண்டேன். பூசாரிக்கு அது பிடிக்கவில்லை. "பாரத்த எறக்கத்தான வந்தீக, மறுபடி எதுக்குத் தூக்குறீக" என்று கேட்டார். சோலை அழுதான். நான் அழுததை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம்.

செல்விக்கு மூன்றாம் தண்ணி ஊற்றி எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தண்ணீர் விட்டதால் இறங்கியதா, அதுவாக இறங்க வேண்டிய நாள் வந்து இறங்கியதா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன். மதுரையில் ஒரு டாக்டரிடம் சோலையைக் கூட்டிப்போனேன். வருஷக் கணக்காகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வெட்டு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம், பக்கத்தில் வைத்துப் பார்த்து, மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று அவர் சொன்னார். களத்தில் அவன் விழுந்தது பட்டினியால் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் வாங்கிய சத்தியம் அவனைக் கொன்றிருக்கும். டாக்டரிடம் போனால் கருப்பன் கோபித்துக்கொள்வாரா என்று சோலை கேட்க, அதையும் பூசாரியிடமே கேட்டோம். கருப்பனுக்கும் டாக்டருக்கும் வாய்க்கா வரப்புத் தகராறா இருக்கிறது என்று அவர் சிரித்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். குடிக்க வேண்டும் என்று வருகிறபோது உள்ளே என்ன நடக்கிறது, சோலை? வயிற்றில் வருகிறதா, தலையில் வருகிறதா? அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "சொன்னா வெளங்காதுக்கா. நீங்க அந்தப் பொகயிலைய ஒரு நாள் போடாம இருந்து பாருங்க" என்றான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் வெற்றிலைப் பெட்டி உனக்குத் தெரியும், நீ தவழும்போதே அதைத் திறந்து சுண்ணாம்பைத் தின்று வாய் வெந்தவன். வெற்றிலை சோழவந்தான் வெற்றிலை, அதில் எனக்குப் பெருமை வேறு. புகையிலையை நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன் என்று அவனிடம் சொன்னேன். நினைக்காததால்தான் விடவில்லை என்பது போல.

மறுநாள் பத்து மணிக்குத் தலை வலித்தது. பதினோரு மணிக்குக் களத்துப் பெண்களைக் காரணமில்லாமல் ஏசினேன். மதியம் சாப்பிட்ட பிறகு என் கை என்னைக் கேட்காமலே பெட்டியைத் தேடியது. ஒரு துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு, யாரும் பார்க்காத இடமாகப் போய்ப் போட்டுக்கொண்டு, வாயை மூன்று தரம் கொப்பளித்துவிட்டு வந்தேன். சோலை சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான். "பாத்தியா, இன்னும் தொடவே இல்ல" என்றேன். அவன் ஊசியை நிறுத்தவில்லை. "உமிக் குவியலுக்குப் பின்னாலயாக்கா போனீக? நானும் அங்கனதான் போவேன்" என்றான். அதில் கேலி இல்லை. ஒரு ஊர்க்காரனைப் பார்த்ததும் இன்னொரு ஊர்க்காரன் பேசுகிற பேச்சு அது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதோடு ஒரு ஆச்சரியம். புகையிலை போட்டதைவிட அந்தப் பொய் எவ்வளவு லேசாக வந்தது என்பதுதான் ஆச்சரியம். என்னை யாரும் அரிவாள் முன்னால் நிறுத்தவில்லை, என் பிள்ளை மேல் சத்தியம் வாங்கவில்லை, அப்படியும் பொய் சொன்னேன். அவனை நிறுத்தி வாங்கியபோது அவன் வேறு என்ன செய்திருக்க முடியும்?

அன்று பேசிப் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நம் மில்லில் காலையில் பாய்லர் வாயில் சூடம் ஏற்றி, அந்த நெருப்பிலேயே உமியைப் பற்றவைப்பது உன் அப்பா காலத்து வழக்கம். நேற்று காலையிலிருந்து இன்று காலைவரை தொடாதவர்தான் இனிமேல் சூடம் ஏற்ற வேண்டும். தொட்டிருந்தால் பாய்லர் பக்கமே வரக் கூடாது, நேரே போய்ச் சாக்குத் தைக்க உட்கார வேண்டும். முத்து பாய்லரைப் பார்த்துக்கொள்வான். ஏன், எவ்வளவு, எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது. சோலைக்கும் இதுதான், எனக்கும் இதுதான். சாமியிடம் ஆயுசுக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம், சூடத்தின் முன்னால் அன்றைய பொய்யைச் சொல்லாமல் இருந்தால் போதும். நாங்கள் இரண்டு பேரும் சாக்குத் தைக்கிற நாட்களில் முத்து சூடம் ஏற்றிவிட்டு, "உங்க ரெண்டு பேரால என்னைய பூசாரி ஆக்கிட்டீக" என்று முணுமுணுப்பான்.

முதல் மாதம் சோலை பாதி நாள் சாக்குத்தான் தைத்தான். பிறகு குறைந்தது. ஒரு பொங்கலுக்குப் பிறகு மறுபடி கூடியது, டாக்டரிடம் மறுபடி போனோம். இப்போது மாதக் கணக்கில் அவன்தான் சூடம் ஏற்றுகிறான். குடியை விட்டுவிட்டான் என்று நான் எழுதமாட்டேன், அவனும் சொல்வதில்லை. பாண்டியம்மா மட்டும் என்னை முழுதாக மன்னித்ததாகத் தெரியவில்லை. கேட்டேன். "அதுவும் ஒரு நாளைக்கு ஒரு நாள்தான்க்கா" என்றாள்.

இனி உன் ரங்கசாமி. நிறுத்தாதே, ஆனால் குடித்துவிட்டு வந்த அன்று லேத் பக்கம் விடாதே. அதில் இரக்கம் பார்க்கக் கூடாது, அடுத்தவர் விரல் அது. அன்றைக்கும் அவர் உட்கார்ந்து செய்ய ஒரு வேலை வைத்திரு, வீட்டுக்குத் துரத்தினால் வழியில் கடை இருக்கிறது. அவர் மனைவியிடம் முதலில் பேசு. டாக்டரிடம் நீயே கூடப் போ. கோயிலுக்குக் கூட்டிப் போவதென்றால் தாராளமாகப் போ, ஆனால் பக்கத்தில் நின்று நீயும் கும்பிடு, சாமிக்குப் போலீஸ் ஏட்டையா வேலை பார்க்காதே. நான் இத்தனை நாளில் சாமியைப் பற்றிப் புரிந்துகொண்டது கொஞ்சம்தான். கருப்பன் வாசலில் சோலை உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நாளும் அவர் வெளியே வரவில்லை. உள்ளே இருந்து அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். பிள்ளைக்காகத் தன்னைக் கொடுக்க வந்து உட்கார்ந்தவனை எந்தச் சாமி தொடும்?

எல்லாவற்றுக்கும் முன்னால் நீ ஒன்று செய். போன தடவை வந்தபோது குளியலறைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு, ஏலக்காயை மென்றுகொண்டே வந்தாயே. உன் அம்மாவுக்கு மூக்கு இருக்கிறது. அந்தச் சிகரெட்டை ஒரே ஒரு நாள் நிறுத்திப் பார். விட வேண்டும் என்று சொல்லவில்லை, சத்தியமும் கேட்கவில்லை. பத்து மணிக்கு என்ன செய்கிறது, மதியம் என்ன செய்கிறது, யாரிடம் என்ன பொய் சொல்கிறாய் என்று பார்த்து எனக்கு எழுது. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அதற்குப் பிறகு ரங்கசாமியிடம் போய்ப் பேசு. அப்போது நீ பேசுகிற பேச்சே வேறாக இருக்கும்.

நீ பதில் எழுதும்போது நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். உன் கடிதம் வந்த அன்றிலிருந்து இந்தக் கதையை உனக்கு எழுத வேண்டுமே என்ற நினைப்பில் இருந்துகொண்டிருந்தேன். நேற்றுச் சாயங்காலம் பெட்டியைத் திறந்தபோது கடிதத்துக்கு அடியில் ஒரு புகையிலைத் துண்டு கிடந்தது. அதனால் இன்று காலை சூடம் ஏற்றியது சோலைதான். நான் சாக்குத் தைத்தேன்.

உன் அம்மா.